உழைத்து ஓய்ந்த கைகளை யார் பிடிப்பது?

வருஷா வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதியோர் தினம் வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 1990-ல் தீர்மானம் போட்டு ஏற்படுத்திய தினம் இது. அன்றைக்கு நாலு பெரியவர்களை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சால்வை போர்த்துவார்கள். "முதியோர்கள் நமது பொக்கிஷங்கள்" என்று பேசுவார்கள். போட்டோ எடுத்துக் கொண்டு கலைவார்கள். மேடை வரை நடந்து வரக் கூடியவர்களுக்குத்தான் அந்தச் சால்வை. நடக்க முடியாதவர்கள் அன்றைக்கும் வீட்டுக்குள்ளேதான் கிடக்கிறார்கள்.

அப்படிக் கிடப்பவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இது அநாதைகளைப் பற்றிய பிரச்னை அல்ல. பிள்ளை இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கூரையும் இருக்கிறது. இருந்தும் கவனிக்க ஆள் இல்லாமல் கிடக்கும் உழைப்பாளி மக்களைப் பற்றிய பிரச்னை.

விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களில் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். காலனியில் ஆள் நடமாட்டம் இராது. பெண்கள் நடவுக்கும், களையெடுப்புக்கும், மல்லாட்டை பிடுங்கவும் போயிருப்பார்கள். ஆண்கள் கரும்பு வெட்டுக்கும் சவுக்கு வெட்டுக்கும் போயிருப்பார்கள். வாலிபர்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்கும், ஒரகடம் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்கும், சிலர் பெங்களூருக்கும் போயிருப்பார்கள். கதவு சும்மா சாத்தியிருக்கும். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆயா, அல்லது பாயில் ஒரு பெரியவர். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். மூடி வைத்த கஞ்சி. அந்தச் சொம்பை எட்டி எடுக்கக் கை வந்ததா இல்லையா என்பது, சாயங்காலம் கூலி வேலை முடிந்து மருமகள் வந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் காலை ஆறு மணிக்குக் கழனிக்குப் போய்ப் பகல் இரண்டு மணிக்குத் திரும்புகிற பெண் இதற்கிடையில் நாலு தரம் எப்படி வந்து புரட்டுவாள்? அவள் வீட்டில் நின்றால் கூலி போகும். கூலிக்குப் போனால் மாமியார் போவாள். இதுதான் இன்றைக்கு நமது ஜில்லாவில் ஆயிரக்கணக்கான குடிசைகளில் தினசரி நடக்கும் விசாரணை. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: கூலிக்குப் போ! ஏனென்றால் கூலி இல்லாவிட்டால் எல்லோருக்குமே கஞ்சி இல்லை.

வைத்தியம் மட்டுமா பிரச்னை?

முதியோர் கஷ்டம் என்றவுடன் ஆஸ்பத்திரியும் மாத்திரையும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. அது பாதிதான். முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போய்ச் சேருகிறவனுக்கு ஏதோ வைத்தியம் கிடைக்கும். போய்ச் சேருவது எப்படி? திரும்பி வந்த பிறகு என்ன?

குளிப்பாட்ட ஆள் வேண்டும். கக்கூசுக்குக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும். சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆள் வேண்டும். கண் மங்கியவருக்குக் கண்ணாடி வேண்டும். நடை தளர்ந்தவருக்கு ஊன்றுகோல் வேண்டும். சிறுநீர்க் குழாய் வைத்தவருக்கு அதை மாற்றிவிட நர்ஸ் வேண்டும். பேச்சுத்துணைக்கு ஒரு மனித முகம் வேண்டும். இவை எதுவும் பெரிய ஆபரேஷன் அல்ல. ஆனால் இவை இல்லாமல்தான் முதியவர்கள் சிறுகச் சிறுகச் சாகிறார்கள்.

இது நாம் கிளப்பிவிடும் புகார் அல்ல. மத்திய சர்க்காருக்காக 2017-18-ல் எடுத்த இந்திய முதுமை ஆய்வு என்ற பெரிய கணக்கெடுப்பு, 45 வயதுக்கு மேற்பட்ட 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பார்த்து எழுதியது. அதன்படி 60 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, படுக்கையிலிருந்து எழுவது, கக்கூசுக்குப் போவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஏதாவது ஒன்றைச் செய்யச் சிரமப்படுகிறார். சமைப்பது, கடைக்குப் போவது, மருந்து எடுத்துக்கொள்வது, காசு கணக்குப் பார்ப்பது போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் சிரமப்படுகிறவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்.

நமது ராஜ்யத்தில் இந்தக் கூட்டம் வேகமாகப் பெருகிக் கொண்டு வருகிறது. 2011 சென்சஸில் நாடு முழுவதும் நூற்றுக்கு 8.6 பேர் முதியோர் என்றால், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர். 2031-ல் இது 18.2 ஆகும் என்று சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே மதிப்பிட்டுள்ளது. அதாவது ஐந்தரைப் பேருக்கு ஒரு முதியவர். ஜனங்கள் நீண்ட நாள் வாழ்வது சந்தோஷமான செய்திதான். எப்படி வாழ்வது என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் நன்றி கெட்டவர்களா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றோரைக் கவனிப்பதில்லை, கலி முற்றிவிட்டது, சினிமாவும் செல்போனும் கெடுத்துவிட்டன" என்று உபதேசம் செய்கிறவர்கள் ஏராளம். பத்திரிகைகளிலும் இதே பல்லவி. நன்றி கெட்ட பிள்ளைகள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாய் தகப்பனை வெளியே தள்ளியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் கூலிக்காரன் வீட்டுக் கதை வேறு. அங்கே எழுதி வாங்க நிலம் ஏது? தன் உழைப்பு நேரத்தை விற்றால்தான் அடுப்பு எரியும் என்று இருக்கிறவனிடம், "உன் நேரத்தைத் தாய்க்குக் கொடு" என்று உபதேசிப்பது, சட்டை இல்லாதவனிடம் சட்டையை மடித்து வைக்கச் சொல்வது போல. அன்பு இல்லாமல் அல்ல, ஓய்வு இல்லாமல்தான் அங்கே தாய் தனியே கிடக்கிறாள். அந்த ஓய்வைப் பறித்தவன் யார்? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற காண்ட்ராக்டர். லீவு எடுத்தால் "நாளை முதல் வராதே" என்கிற மேஸ்திரி. கிராமத்தில் வேலை இல்லாமல் செய்து நூறு மைலுக்கு அப்பால் துரத்துகிற நிலைமை.

நமது ஜில்லாவுக்கு வெகு தூரத்தில், விருதுநகர்ப் பக்கம் "தலைக்கூத்தல்" என்ற வழக்கம் உண்டென்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படுக்கையில் விழுந்த முதியவர்களுக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாவை வரவழைக்கும் கொடுமை. அது பெரும் பத்திரிகைகளில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. அதிர்ச்சியடைந்தவர்களில் எத்தனை பேர், "இந்த வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்று கேட்டார்கள்?

இன்னொரு உண்மையையும் மூடி மறைக்கக் கூடாது. "குடும்பம் கவனிக்க வேண்டும்" என்கிறார்களே, குடும்பத்தில் யார்? பெண்! 2024-ல் சர்க்கார் எடுத்த கால உபயோகக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிஷம். கழனியில் ஒரு ஷிப்ட், அடுப்படியில் ஒரு ஷிப்ட், மாமியார் படுக்கையருகே மூன்றாவது ஷிப்ட். சங்கக் கூட்டத்தில் எட்டு மணி நேர வேலையைப் பற்றி முழங்குகிற ஆண் தோழர்கள், தங்கள் சொந்தத் தாயைக் குளிப்பாட்டும் வேலையை மனைவி தலையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவது எந்த ரகத்து சோஷலிசம்?

யானைப் பசிக்குச் சோளப்பொரி

சர்க்கார் என்ன செய்கிறது? கணக்குப் பார்ப்போம்.

நமது ராஜ்யத்தில் முதியோர் பென்ஷன் 1962 ஏப்ரல் 1-ந் தேதி ஆரம்பமாயிற்று. மாதம் 20 ரூபாய். அது பல தடவை உயர்ந்து 2011-ல் 1,000 ரூபாய் ஆயிற்று. பிறகு பன்னிரண்டு வருஷம் விலைவாசி ஏறியது, பென்ஷன் ஏறவில்லை. 2023 ஆகஸ்டில்தான் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அதாவது நாளொன்றுக்கு 40 ரூபாய். 2025-26-ல் நமது ராஜ்யத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு முதியவரின் ஒரு மாத வாழ்க்கைக்குச் சர்க்கார் போட்ட மதிப்பு, மண் வெட்டுகிற ஒருவரின் நாலு நாள் கூலிக்கும் குறைவு!

டில்லி சர்க்காரின் பங்கு இதைவிட வெட்கக்கேடு. அவர்கள் நிர்ணயித்த பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயது தாண்டினால் 500. இந்த 200 ரூபாய் போதாது, உயர்த்துங்கள் என்று பார்லிமெண்டின் கிராம வளர்ச்சி நிலைக் கமிட்டியே பல தடவை சிபாரிசு செய்துவிட்டது. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகாத இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, "உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று" என்று மார் தட்டுகிறார்கள்.

இந்த 1,200 ரூபாயும் எல்லோருக்கும் கிடைக்கிறதா? தாலுகா ஆபீசில் முதல் கேள்வியே "பிள்ளை இருக்கிறானா?" என்பதுதான். இருக்கிறான் என்றால் மனு நிற்காது. பிள்ளை பெங்களூரில் சித்தாள் வேலை செய்து, மழைக்காலத்தில் அதுவும் இல்லாமல் கடன் வாங்கிச் சாப்பிடுகிறான் என்பதற்கு அந்த மனுவில் இடமில்லை. பென்ஷன் என்பது உழைத்தவனின் உரிமை என்று வைக்காமல், அநாதைக்குப் போடும் பிச்சை என்று வைத்ததால் வந்த வினை இது. அதனால்தான் எழுபது வயதுக் கிழவிகள் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு வந்து வெயிலில் நின்றார்கள். அந்த வேலையையே பென்ஷனாக நினைத்து வந்தார்கள். அந்த 2005-ம் வருஷத்துச் சட்டத்தையும் விட்டு வைக்கவில்லை. 2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறு சட்டம் நிறைவேற்றி, செலவில் பத்தில் நாலு பங்கை ராஜ்யங்களின் தலையில் கட்டினார்கள்.

மில் தொழிலாளி கதை சற்று மேலா? 1995-ல் ஏற்பட்ட இ.பி.எப். பென்ஷன் திட்டத்தில் 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். முப்பது வருஷம் பஞ்சைத் தின்று இருமிய தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய்! 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் கேட்டு அந்தப் பென்ஷன்காரர்கள் வயதான காலத்தில் டில்லி வீதியில் போய் உட்கார வேண்டியிருந்தது. விழுப்புரம் சுற்று வட்டார அரிசி மில்களிலோ பெரும்பாலோர் மஸ்டர் ரோலிலேயே இல்லை. அவர்களுக்கு அந்த 1,000-மும் கனவு.

மருந்து வருகிறது, கை வருவதில்லை

நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் உபயோகமான திட்டம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. படுக்கையில் கிடப்போருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும், கை கால் பயிற்சியும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 12-ந் தேதி "தாயுமானவர்" என்ற பெயரில் முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டு தரும் திட்டமும் வந்தது. கழனியில் தேய்ந்து போன விரல் ரேகையை மிஷின் ஏற்காமல் அரிசி இல்லாமல் திரும்பிய கிழவிகளைக் கேட்டால் தெரியும், இதன் அருமை.

ஆகவே, மனம் வைத்தால் சர்க்காரால் வீட்டு வாசலுக்கு வர முடியும் என்பது ருசுவாகிவிட்டது. வாசலோடு நின்றுவிடுவதுதான் பிரச்னை. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதை உறையிலிருந்து எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்கிற கை எங்கே? கை கால் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் எத்தனை கிராமம் சுற்றுவார்? மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியரும் நம் வீட்டுப் பெண்தான். அவருக்குச் சம்பளம் கிடையாது. "ஊக்கத்தொகை" என்று சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். ஊழியரைச் சுரண்டிச் சேவை நடத்துவது எத்தனை நாளைக்கு ஓடும்?

டில்லியார் 2024 அக்டோபரில் 70 வயது தாண்டியவர்களுக்கெல்லாம் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் என்று அறிவித்தார்கள். கேட்கக் காதுக்கு இனிமைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தக் கார்டு பேசும். வீட்டில் படுத்தால் அது ஊமை. படுக்கைப் புண்ணோடு குடிசையில் கிடப்பவரை அந்த 5 லட்சம் ஒரு தரம்கூடப் புரட்டிப் போடாது. அது முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரியின் கல்லாப்பெட்டி.

2024 நவம்பர் 30-ந் தேதி பெங்கல் புயல் கரை கடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நமது ஜில்லா முழுவதும் வெள்ளக்காடு. ஓடக் கூடியவர்கள் ஓடிப் பள்ளிக்கூடத்தில் ஏறினார்கள். ஓட முடியாதவர்களை யார் தூக்கினார்கள்? பக்கத்து வீட்டு வாலிபர்கள்தான் தோளில் சுமந்தார்கள். எந்த வீட்டில் படுக்கையில் ஆள் இருக்கிறார் என்ற ஜாபிதா ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் இருந்திருந்தால், முதல் படகு அந்த வீட்டுக்கு அல்லவா போயிருக்கும்?

சட்டம் யாரை மிரட்டுகிறது?

2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளை கவனிக்காவிட்டால் ரெவினியூ டிவிஷன் அதிகாரியின் தலைமையிலுள்ள நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புப் பணம் விதிக்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. கைவிட்டு ஓடினால் 3 மாதம் ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சொத்துள்ள பிள்ளை ஏமாற்றினால் இந்தச் சட்டம் பயன்படும், பயன்படுத்த வேண்டும். ஆனால் தினக் கூலிப் பிள்ளைக்கு 10,000 ரூபாய் உத்தரவு போட்டால் எங்கிருந்து எடுப்பான்?

அதே சட்டத்தின் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வறிய முதியோர் 150 பேராவது தங்கக் கூடிய இல்லத்தை ஜில்லாவுக்கு ஒன்றாவது ராஜ்ய சர்க்கார் கட்டம் கட்டமாக ஏற்படுத்தி நடத்தலாம் என்கிறது. "லாம்" என்ற எழுத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்கு வந்தால் "கடமை". சர்க்காருக்கு வந்தால் "செய்யலாம்"! ஏழைக்குக் கட்டளை, கஜானாவுக்கு யோசனை. வர்க்கச் சார்பு சட்டத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

சர்க்கார் விலகி நிற்கும் இடத்தில் யார் நுழைகிறார்கள்? 2023 பிப்ரவரியில் நமது ஜில்லாவில், விக்கிரவாண்டி தாலுகா குண்டலப்புலியூரில் வெளிவந்த சங்கதியை மறக்க முடியாது. அன்பு ஜோதி ஆசிரமம் என்ற பெயரில் உரிய அனுமதி இல்லாமலேயே நடந்து வந்த இடம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று ஹைகோர்ட் வரை கேஸ் போன பிறகுதான் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். நிர்வாகிகள் கைது செய்யப்பட்டார்கள்; கொடுமைகள் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன; கேஸ் சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. குற்றம் யார்மீது எவ்வளவு என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது வேறு: அந்த இடத்தில் அத்தனை பேர் போய்ச் சேரும்படி நேர்ந்தது ஏன்? சட்டப்படி நடக்கிற நல்ல சர்க்கார் இல்லம் ஊருக்கு ஊர் இருந்திருந்தால் அங்கே யார் போயிருப்பார்கள்?

"இது சங்க வேலையா?"

"கூலி உயர்வு, நிலம், பட்டா, இதற்கே ஆள் இல்லை. கிழவர்களைக் கவனிப்பது குடும்ப விஷயம். இதைச் சங்கத்தில் ஏன் நுழைக்கிறீர்கள்?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும். பதிலையும் கேளுங்கள்.

எட்டு மணி நேர வேலை என்பதும் ஒரு காலத்தில் நடவாத காரியம் என்றே சொல்லப்பட்டது. அதற்காகப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளிகளில் 12 பேர் 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மில்லுக்கு வெளியே தொழிலாளிக்கு ஒரு வாழ்க்கை உண்டு, அந்த வாழ்க்கைக்கும் நேரம் வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் சாரம். அந்த நேரத்தில்தான் குழந்தையைத் தூக்குவதும் தாயைக் கவனிப்பதும் அடங்கும். அதே புதுச்சேரியில் பெரிய மில்லான ஏ.எப்.டி. 2020-ல் மூடப்பட்டது. கறவை வற்றிய மாட்டை அடிமாட்டுச் சந்தைக்கு ஓட்டுகிற மாதிரி, உழைப்பு வற்றிய மனிதனை வீதியில் விட்டுப் போகிறது முதலாளித்துவம். ஒரு மனிதனின் நாற்பது வருஷ உழைப்பில் லாபம் எடுத்துக் கொண்டவன், கடைசிப் பத்து வருஷச் செலவை மட்டும் அவனுடைய மருமகளின் தலையில் வைக்கிறான். இது கூலிப் பிரச்னை இல்லாமல் வேறென்ன? முதுமைக்குப் போதாத கூலி பாதிக் கூலிதான்!

நடக்கக் கூடிய காரியமா என்றால், நடந்திருக்கிறது. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்து போயிற்று. ஆனால் 1956-ல் தொழிலாளருக்கும் 1964-ல் கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கும் அது பென்ஷன் சட்டம் இயற்றிய சரித்திரத்தை யாரும் அழிக்க முடியாது. முதலாளித்துவ நாடுகளிலேயே, ஜெர்மனி 1995-ல் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. ஜப்பான் 2000-ல் கொண்டுவந்தது. அங்கெல்லாம் முதியவரைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஆள் அனுப்புவது சமுதாயத்தின் பொறுப்பு என்று ஒப்புக் கொண்டாகிவிட்டது.

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1980-ல் தோழர் நாயனார் மந்திரி சபை விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொண்டு வந்தது. அங்கே அது அநாதைப் பணம் அல்ல, உழைத்தவனின் பணம். விவசாயத் தொழிலாளர் இயக்கம் பலமாக இருந்ததால் அது வந்தது. 2025 நவம்பரில் அங்கே சமூகநலப் பென்ஷனை 2,000 ரூபாய் ஆக்கினார்கள். பணம் மட்டும் அல்ல. கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் ஆரம்பித்த வலி நிவாரணப் பராமரிப்பு வேலை, ஊர் ஜனங்கள் கையில் போய், மலப்புரம் போன்ற ஜில்லாக்களில் கிராமம் கிராமமாகப் பரவியது. 2008-ல் கேரள சர்க்கார் அதற்கென்றே கொள்கை வகுத்துப் பஞ்சாயத்துகளின் பொறுப்பாக்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ், வண்டி, ஊர்த் தொண்டர்கள் சேர்ந்து படுக்கையாளி வீட்டுக்கே போகிறார்கள். புண்ணைக் கழுவுகிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேரளத்து முதியவருக்குப் பொருந்துவது கண்டமங்கலத்து முதியவருக்கு ஏன் பொருந்தாது?

தமிழ்நாட்டிலும் 2025 நவம்பரில் "அன்புச்சோலை" என்ற பெயரில் பகல் நேர முதியோர் மையங்கள் திறந்தார்கள். மொத்தம் 25, பெரும்பாலும் மாநகரங்களில். நல்ல ஆரம்பம். ஆனால் கழனிக்காட்டுக் கிழவனுக்கும் பகல் உண்டு. அவனுடைய பகல்தான் இன்னும் நீளம்.

நமது கோரிக்கைகள்

1. அறுபது வயது தாண்டிய ஒவ்வொரு விவசாயத் தொழிலாளிக்கும், ஒவ்வொரு அமைப்புசாராத் தொழிலாளிக்கும், "பிள்ளை இருக்கிறானா?" என்று கேட்காமல் பென்ஷன் கொடு. விலைவாசிக்குத் தக்கபடி அதை உயர்த்து. டில்லி சர்க்கார் தன் பங்கை 200 ரூபாயில் நிறுத்தும் அநியாயத்தைக் கைவிடட்டும்.

2. இ.பி.எப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகையை உயர்த்திப் பஞ்சப்படியோடு இணை. அரிசி மில், செங்கல் சூளை, கடை கண்ணித் தொழிலாளர் அனைவரையும் ரிஜிஸ்தரில் ஏற்று.

3. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பயிற்சி பெற்ற பராமரிப்பு ஊழியர்களை நியமி. ஊக்கத்தொகை அல்ல, மாதச் சம்பளம் கொடு. அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணை. நமது பெண்களுக்கு வேலையும் ஆயிற்று, நமது முதியோருக்குக் கையும் கிடைத்தது.

4. படுக்கையில் உள்ளவரை வீட்டில் கவனிப்பவருக்கு, இழந்த கூலிக்கு ஈடாக உதவிப் பணம் கொடு.

5. பெரிய கிராமங்களில் சத்துணவுக் கூடத்தின் பக்கத்திலேயே பகல் நேர முதியோர் மையம் திற. காலையில் வேலைக்குப் போகிறவள் விட்டுப் போகவும், மாலையில் அழைத்து வரவும் வசதி செய்.

6. சட்டத்தின் 19-வது பிரிவில் உள்ள "லாம்" என்பதை நீக்கி "வேண்டும்" என்று ஆக்கு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சர்க்காரே நடத்தும் முதியோர் இல்லம் திற.

கிளைகள் இன்றே செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக் கொண்டு உட்கார முடியாது. ஒவ்வொரு கிளையும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மாதர் சங்கமும், வாலிபர் சங்கமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கட்டும். படுக்கையில் யார், கண் தெரியாதவர் யார், தனியாக இருப்பவர் யார், பென்ஷன் மனு நிராகரிக்கப்பட்டவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "இந்த வீடுகளுக்கு என்றைக்கு வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக உள்ள முதியோர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது, 2010-11-ல் வந்த தேசிய முதியோர் சுகாதாரத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே தயவு கேட்க வேண்டாம், உரிமையைக் கேளுங்கள்.

மில் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வு வயது வரை வேலை பார்த்து, குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இன்ஷூர் ஆகியிருந்த தொழிலாளி, ஓய்வுக்குப் பிறகும் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் தன் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடர்ந்து பெறலாம். இது தெரியாமலே பலர் கார்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். சங்கம் அவர்களைத் தேடிப் பிடித்து மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சொத்தைப் பறித்துக்கொண்டு தாய் தகப்பனைத் துரத்தியவன் யாராக இருந்தாலும், அவன் நம் சங்கத்து ஆளாகவே இருந்தாலும், திண்டிவனம் சப் கலெக்டர் ஆபீசுக்கோ விழுப்புரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கோ அந்தப் பெரியவரோடு நாமே போய் மனுக் கொடுக்க வேண்டும்.

கேரளத்தில் இந்த வேலையை ஆரம்பித்தது சர்க்கார் அல்ல, ஊர் ஜனங்கள். ஜனங்கள் நகர்ந்த பிறகுதான் சர்க்கார் நகர்ந்தது. ஒரு கிராமத்தில் இருபது குடும்பம் முறை போட்டுக் கொண்டு, பகலில் ஒருவர் ஊரில் தங்கிப் படுக்கையாளிகளைப் பார்த்துக் கொள்ளலாம். ஒரு நர்ஸ் தோழியை அழைத்து, ஆளைப் புரட்டுவது எப்படி, புண்ணைக் கழுவுவது எப்படி என்று ஆண் பெண் இருபாலாரும் கற்றுக் கொள்ளலாம். இது தர்மம் அல்ல. ஐக்கியத்தின் பயிற்சி. பக்கத்து வீட்டுக் கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்த கைகள் சேர்ந்து தாலுகா ஆபீஸ் முன் ஓங்கினால், அந்த முழக்கத்துக்கு வேறு பலம் உண்டு.

இந்தச் சாலைகள், இந்தக் கால்வாய்கள், இந்த மில்கள், இந்த நெல், இந்தக் கரும்பு, எல்லாம் இன்று கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறவர்கள் உண்டாக்கியவை. அவர்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. கொடுத்ததில் ஒரு பங்கைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். கேட்கக் குரல் எழாதவர்களுக்காக நாம் கேட்போம். கிளைக் கூட்டங்களில் இதை விவாதியுங்கள்! கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்! அடுத்த முதியோர் தினத்தில் சால்வைக்காக அல்ல, உரிமைக்காகத் தாலுகா ஆபீஸ்களின் முன் திரளுவோம்!